பதினாறு குழாயும் ஒரு மாப்பிள்ளையும்

பிளம்பர் கட்டிய ஊரில் ஜனங்கள் விக்கி விக்கி நடந்தார்கள். ஒரு காலை எடுத்து வைப்பார்கள், அப்படியே சிலையாக நிற்பார்கள், பிறகு என்ன ஞாபகம் வந்ததோ அடுத்த காலை எடுப்பார்கள். பஸ் கிளம்பும், நின்று யோசிக்கும், மறுபடி கிளம்பும். ஆறுகூட விட்டு விட்டுத்தான் ஓடியது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் வீட்டில் தண்ணீர் தடையில்லாமல் ஓட வழி செய்த மனிதருக்கு, தன் சொந்த ஊரில் ஆறே மக்கர் பண்ணுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை. கம்ப்யூட்டரில் ஊர் கட்டும் விளையாட்டு ஒன்று. அதில் அவரும் அவர் ஒரே மகளும் சேர்ந்து கட்டியது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரே நாற்காலியில் இடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆரம்பித்தார்கள். ரோடு, பாலம், பூங்கா எல்லாம் அவள் பொறுப்பு. குடிநீரும் கழிவுநீரும் இவர் பொறுப்பு. விளையாட்டில் குழாய்கள் ஒழுகுவதே இல்லை என்பதில் மட்டும் அவருக்கு மனத்தாங்கல் உண்டு. இதை எழுதினவன் வீட்டில் ஒரு நாளாவது பாத்ரூம் ஒழுகியிருந்தால் இப்படிப் பொய் சொல்லியிருக்க மாட்டான் என்பார்.

மகளுக்குக் கல்யாணமாகி அவள் தொலைவில் வேறு நகரத்துக்குப் போன பிறகும் கட்டும் வேலை நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் அவள் அங்கே, இவர் இங்கே, இரண்டு பேர் காதிலும் ஹெட்போன், நடுவில் அதே ஊர். சாதாரணமாகப் போனில் பேசினால் "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்பதைத் தாண்டி அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரு வார்த்தை நகராது. ஊரைக் கட்டும்போதுதான் ஆபீஸில் மேலதிகாரியோடு போட்ட சண்டையும், வீட்டுச் சாவியைத் தொலைத்துவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்ததும், முழங்கால் வலியும், மூக்குச் சளியும் தானாக வெளியே வரும். பிளம்பருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் நாள். மற்றதெல்லாம் அதற்கு முன்னால் நிற்கும் வரிசை.

ஊர் பெருகப் பெருக அவருடைய பழைய கம்ப்யூட்டருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதில் இன்னொரு சங்கடம். இருவர் சேர்ந்து ஆடினால் இரண்டு கம்ப்யூட்டரும் கைகோத்துத்தான் நடக்க வேண்டும். இவருடையது நின்றால் அவளுடையதும் நிற்கும். அவள் ஒரு பாலத்தைப் போட்டுவிட்டு, அது இவர் பக்கம் வந்து சேரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருப்பாள்.

"பாப்பா, உன் பக்கமும் நிக்குதா?"

"பரவாயில்லப்பா."

அந்தப் 'பரவாயில்லப்பா'தான் அவரைக் குடைந்தது. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவரும் சும்மா இருக்கவில்லை. முதலில் ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கி மாட்டினார். செங்கல் கனத்துக்கு இருந்தது, உள்ளே விளக்கெல்லாம் எரிந்தது. அதன் பலன், முன்பு மங்கலாக விக்கிக்கொண்டிருந்த ஜனங்கள் இப்போது பளிச்சென்று விக்கினார்கள். சட்டைப் பொத்தான்கூடத் தெரிந்தது. அப்போதே மாப்பிள்ளை சொல்லியிருந்தார், "மாமா, உங்களுக்கு மாத்த வேண்டியது கார்டு இல்ல, பிராசசர்" என்று. கம்ப்யூட்டரின் மூளை அதுதான், ஊரில் ஒவ்வொரு ஆளும் எங்கே போகிறான் என்று கணக்குப் போடுவது அதுதான் என்றும் சொன்னார். மாப்பிள்ளை கார்டு வேண்டாம் என்று சொன்னதால்தான் பிளம்பர் கார்டையே வாங்கினார்.

மாப்பிள்ளை ஒரு லிஃப்ட் மெக்கானிக். குடி கிடையாது, கோபம் கிடையாது, மகளை உள்ளங்கையில் வைத்துத் தாங்குகிறார். குறை சொல்ல ஒன்றுமில்லாமல் இருந்ததே பெரிய குறை. அதுவும் பரவாயில்லை என்று விட்டிருப்பார் பிளம்பர். ஆனால் கல்யாணமான புதிதில் இந்த வீட்டில் வந்து தங்கியபோது, பல காலமாகச் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை மாமியாருக்கு உதவியாக இருக்கட்டுமே என்று சத்தமில்லாமல் வாஷர் மாற்றிச் சரி செய்துவிட்டார். பிளம்பர் வீட்டுக் குழாயை! காலையில் எழுந்து சமையலறைக்குப் போனவர், சொட்டுச் சத்தம் கேட்காமல் திகைத்து நின்றார். அன்றைக்கு விழுந்த முடிச்சு அது.

நிலைமை இப்படி இருக்கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் விளையாட்டைத் திறந்தார். மகள் பக்கம் இருக்கும் ஊர்களின் பட்டியல் திரையில் வந்தது. எப்போதும் அதில் ஒரே ஒரு ஊர்தான் இருக்கும். இன்றைக்கு அதற்குக் கீழே இன்னொன்று. புதிய ஊர். அவருக்குத் தெரியாத ஊர்.

அவர் கேட்கவில்லை. கேட்டுவிடலாம்தான், ஆனால் வாய் வரவில்லை. அன்று முழுக்கக் கழிவுநீர் லைனை ஆஸ்பத்திரிக்குள் விட்டு விட்டு எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவளும் மாப்பிள்ளையும் தனியா ஒரு ஊர் கட்றாங்க" என்று மனைவியிடம் வந்து நின்றார். அவர் மனைவி தையல்காரி. முன்னறையில் அவளுடைய தையல் மெஷினும் இவருடைய கம்ப்யூட்டரும் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டு இருந்தன.

"புருஷன் பொண்டாட்டி. கட்டிட்டுப் போகட்டுமே."

"தண்ணி லைன் யார் போட்டாங்க?"

"எனக்கென்னங்க தெரியும்?"

"லிஃப்ட்காரர் போட்டிருப்பார். ஊரே நாறப் போகுது."

மனைவி மெஷினை ஓட்டினாள். காத்துக் காத்துச் சலித்துப்போய்த்தான் மகள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள் என்று பிளம்பருக்குத் தோன்றியது. இனி அந்த ஊர் வளரும், இந்த ஊர் தேயும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமைகூட "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்று ஆகிவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பிராசசரை மாற்றியே தீருவது என்று முடிவு செய்தார்.

எதை வாங்குவது என்று மகளிடம் கேட்கலாமே என்று போன் பண்ணினால், எடுத்தது மாப்பிள்ளை.

"அவ குளிக்கறா மாமா. என்ன விஷயம்?"

மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. பிராசசர் என்ற வார்த்தை வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், மாப்பிள்ளைக்கு உற்சாகம் பொங்கிவிட்டது.

"எட்டு கோர் போதும் மாமா. கேஷ் பெருசா இருக்கறதா பாத்து வாங்குங்க. பதினாறு கோர்னு யாராவது தலைல கட்டப் பாப்பாங்க, ஏமாந்துடாதீங்க. இப்போ பிராசசருக்குள்ள கணக்குப் போடற கோரை லிஃப்ட்னு வைங்க, ஒரு கட்டடத்துல பதினாறு இருக்கு. ஆனா இந்த விளையாட்டுல முக்காவாசி ஜனம் நான் அந்த ஒரே லிஃப்ட்லதான் ஏறுவேன்னு அடம் பிடிக்கும். மத்ததெல்லாம் கதவைத் தொறந்து வெச்சுக்கிட்டு சும்மா நிக்கும். அதனால லிஃப்ட் நிறைய வேணாம். இருக்கறது வேகமா ஓடணும், வாசல்ல ஆளுங்க தயாரா நிக்க நல்ல இடம் இருக்கணும். அந்த இடம்தான் கேஷ்."

"சரி மாப்பிள்ளை" என்றார் பிளம்பர். போனை வைத்த கையோடு, எட்டு கோரைத் தவிர வேறு எதையும் வாங்கலாம் என்று தீர்மானித்துக்கொண்டார்.

கம்ப்யூட்டர் கடைக்காரரை எல்லோரும் விசிறி என்றுதான் கூப்பிடுவார்கள். கடை முழுக்கச் சின்னதும் பெரியதுமாகக் கம்ப்யூட்டருக்கு மாட்டும் விசிறிகள் தொங்கும், ஆனால் மனிதர் வியர்த்துக்கொண்டே இருப்பார். பிளம்பரின் தொழில் அவருக்குத் தெரியும். தெரிந்ததால்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார்.

"உங்க பாஷைலயே சொல்றேண்ணே. பிராசசர்ல கோர்ங்கறது குழாய். கேஷ்ங்கறது மொட்டை மாடி டேங்க். ஒவ்வொரு தடவையும் கிணத்துக்கு ஓடாம, மேல ரெடியா வெச்சுக்கறது."

"டேங்க்கை எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை கழுவணும்?"

"இதைக் கழுவ வேணாம்ணே."

"கழுவாத டேங்க்ல புழு வைக்கும்."

"இது நிஜ டேங்க் இல்லண்ணே."

"நீங்கதானே டேங்க்னு சொன்னீங்க? சரி, அதை விடுங்க. எட்டுக் குழாய்ல தண்ணி அதிகமா வருமா, பதினாறு குழாய்லயா?"

"அது வேலையைப் பொறுத்துண்ணே. படம் எடிட் பண்றவங்களுக்குப் பதினாறு நல்லது. ஊர் கட்ற விளையாட்டுக்கு..."

"தண்ணிக்கு எந்த வேலைன்னெல்லாம் தெரியாது. குழாய் இருந்தா ஓடும். நான் பெரிய பெரிய கட்டடத்துக்குக் குழாய் இழுத்தவன்."

விசிறி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். உண்மையைச் சொல்லிப் பார்த்தாயிற்று. பெரியதாக வாங்குகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவரைத் தடுக்க அவருக்கு என்ன வேண்டுதலா? பதினாறு கோரை எடுத்து மேஜையில் வைத்தார்.

"ஆனா இது உங்க பழைய போர்டுல உக்காராதுண்ணே. அளவே வேற. போர்டும் மெமரியும் சேத்து மாத்தணும்."

"பெரிய குழாயைச் சின்னக் குழாயோட சேக்கற மாதிரி, ரெட்யூசர் ஒண்ணு போட்டு சேக்க முடியாதா?"

விசிறி அவரை நிமிர்ந்து பார்த்தார். விளையாட்டாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் தலையை மட்டும் ஆட்டினார். கடைசியில் போர்டும் மெமரியும் பிராசசரும் ஒரே பையில் ஏறின. மாட்டித் தரட்டுமா என்று கேட்டதற்குப் பிளம்பர் சிரித்தார். ஸ்பானர் பிடிக்கிற கைக்கு ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதா என்ன?

நியாயமாகச் சொல்ல வேண்டும், முக்கால்வாசி வேலையை அவர் சுத்தமாகச் செய்தார். போர்டைக் கோணாமல் உட்கார வைத்தார். பிராசசரை அதன் இடத்தில் குழந்தையைப் படுக்க வைப்பதுபோல் இறக்கினார். சறுக்கியது கடைசிப் படியில். பிராசசரின் தலையில் ஒரு தட்டையான உலோக மூடி இருக்கும். அதற்கு மேல் சூட்டை இழுக்கும் கூலரின் தட்டையான அடிப்பாகம் வந்து உட்காரும். இரண்டுக்கும் நடுவே தடவச் சின்னக் குழலில் சாம்பல் நிறப் பசை கொடுத்திருந்தார்கள். இரண்டு தட்டை, நாலு ஸ்குரூ, ஒரு பசை. இதைப் பார்த்த மாத்திரத்தில் பிளம்பரின் கைகளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. குழாய்களை முகத்தோடு முகம் வைத்து போல்ட் போடும் இணைப்பைக் கணக்கில்லாமல் செய்தவர். அங்கே பசையை ஓரத்தில்தான் போட வேண்டும். நடுவில் ஒரு பொட்டு விழுந்தாலும் வழி அடைத்துக்கொள்ளும்.

அவர் பிராசசரின் நாலு ஓரத்திலும் கரை கட்டியதுபோல் பசையைத் தாராளமாகப் போட்டார். நடுவில் ஒரு துளி இல்லாமல் துடைத்து எடுத்தார். மேலே கூலரை வைத்து, எதிரெதிர் மூலையாகப் பார்த்து இறுக்கினார். வழிந்ததை விரலால் வழித்து மட்டம் செய்தார். தண்ணீர் ஊற்றினாலும் ஒரு சொட்டு உள்ளே போயிருக்காது.

கம்ப்யூட்டர் உயிர் வந்து எழுந்தது. "பாத்தியா?" என்று மனைவியிடம் மார்தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிளம்பர் தலை வாரிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"அப்பா, புதுசா மாட்டிட்டியாமே! அம்மா சொன்னாங்க."

"பதினாறு" என்றார் பிளம்பர் அடக்கத்தோடு.

ஊர் திறந்தது. ஜனங்கள் முன்பைவிடக் குறைவாகத்தான் விக்கினார்கள். ஆனாலும் விக்கினார்கள். போகப் போகச் சரியாகிவிடும், புதுக் குழாயில் முதலில் காற்று அடைத்துக்கொள்வது சகஜம் என்று சொல்ல அவர் வாயெடுத்த நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்தது. மறுபடி போட்டார். ஊர் வந்தது, மகள் குரல் வந்தது, "அப்பா என்னாச்சு" என்பது வரை கேட்டது, அணைந்தது. மறுபடி போட்டார். பெட்டியின் பக்கத்தில் கையை வைத்துப் பார்த்தால் அடுப்படி மாதிரி சுட்டது. அது அணைய, இவர் போட, அது அணைய, இவருக்கு அழுகை வராத குறை.

கடைசியில் மகள் போனில் கூப்பிட்டாள்.

"பரவாயில்லப்பா. நீ இன்னிக்கு ரெஸ்ட் எடு. நாங்க பாத்துக்கறோம்."

நாங்க! போனைக் கீழே வைத்த பிறகும் அந்த வார்த்தை அவர் காதில் நின்றது. இத்தனை காலமும் 'நாம' என்று இருந்தது.

அந்த வாரம் பிளம்பர் பிளம்பராக இல்லை. ஒரு வீட்டில் சுடு தண்ணீர்க் குழாயைக் குளிர் தண்ணீரில் சேர்த்துவிட்டு வந்தார். மனைவி ஏதாவது கேட்டால் "ம்" என்றார், கேட்காவிட்டாலும் "ம்" என்றார். அவள் பொறுத்துப் பார்த்தாள். பிறகு ஒரு சட்டைக்குக் கை வைத்துக்கொண்டே போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு மாப்பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"மாப்பிள்ளை, இவர் மூஞ்சியைப் பாக்க முடியல. வந்து அந்தப் பெட்டிக்கு என்னன்னு பாருங்க. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

சனிக்கிழமை காலையில் மாப்பிள்ளை வாசலில் நின்றார். கையில் கருவிப் பை.

"இந்தப் பக்கம் ஒரு லிஃப்ட் வேலை மாமா. அப்படியே பாத்துட்டுப் போகலாமேன்னு..."

"வாங்க மாப்பிள்ளை" என்றார் பிளம்பர். இந்தப் பக்கம் மூன்று மாடிக்கு மேல் கட்டடமே கிடையாது, லிஃப்டுக்கு எங்கே போவது என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கேட்கவில்லை. கேட்டால் வந்த காரணம் வெளியே வரும்.

மாப்பிள்ளை பெட்டியைத் திறந்து கூலரைக் கழற்றினார். கழற்றியவர் அப்படியே நின்றார். சாம்பல் நிறத்தில் அழகான சதுரக் கரை. அதன் நடுவில் பளபளவென்று துளிப் பசை படாத உலோகம். அவர் உதடு ஒரு பக்கம் இழுத்தது. "ஒரு நிமிஷம் மாமா, போன் வருது" என்று வராத போனை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். துணி துவைக்கும் கல் அருகே நின்று அவர் தோள் குலுங்கியது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. தையல் மெஷின் சட்டென்று நின்றது. மாமியாரும் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், எதற்கென்று தெரியாமலே.

திரும்பி வந்தபோது மாப்பிள்ளையின் முகம் கோயில் சிலை மாதிரி இருந்தது.

"சீல் பிரமாதம் மாமா. நான் பாத்ததுலயே இவ்ளோ நேர்த்தியா யாரும் போட்டதில்ல. என்னன்னா, இதுல தண்ணி ஓடல, சூடுதான் ஓடுது. சூடு நடுவுலதான் வரும். நடுவுல பசை இல்லன்னா அது மேல ஏற வழியில்ல."

பிளம்பருக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் சீல் பிரமாதம் என்றது காதில் விழாமல் இல்லை.

துடைத்து, நடுவில் பசை வைத்து, மறுபடி மாட்டியதும் சூடு அடங்கியது. ஊர் அணையாமல் ஓடியது. ஆனால் ஜனங்கள் இன்னமும் விக்கினார்கள். மாப்பிள்ளை திரையின் மூலையில் பதினாறு சின்னக் கட்டங்களைத் திறந்து காட்டினார். ஒன்று மட்டும் கழுத்துவரை நிரம்பித் திணறியது. பக்கத்தில் ஒன்றிரண்டு லேசாக அசைந்தன. மற்றவை தூங்கின.

பிளம்பர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். மாப்பிள்ளை லிஃப்ட் என்று வாயெடுத்தார், பிறகு அடக்கிக்கொண்டார். எழுந்து வந்து எட்டிப் பார்த்தது தையல்காரிதான்.

"ஏங்க, தைக்கறது ஒரு ஊசி. அதுக்குப் பதினாறு நூல்கண்டு வாங்கி வெச்சா வேகமாத் தைக்குமா?"

இதற்கு மேல் முட்டுக்கொடுக்க ஒன்றுமில்லை. பிளம்பருக்குத் தோற்றது வலிக்கவில்லை, வேறு எதுவோ பொங்கிக்கொண்டு வந்தது.

"என்னை விடுங்க மாப்பிள்ளை. உங்க ஊர் விக்காம ஓடுதில்ல?"

"எந்த ஊர் மாமா?"

"நானும் பாத்தேன். அவளும் நீங்களும் புதுசா கட்றீங்களே, அது."

மாப்பிள்ளை ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"ஐயோ மாமா, அது உங்களுக்காகக் கட்றா. பெரிய ஊரை உங்க மெஷின் தாங்கலைன்னு, தாங்கற அளவுக்குச் சின்னதா ஒண்ணு. ரோடு போட்டுட்டா, வீடு கட்டிட்டா. தண்ணி லைன் மட்டும் போடவே இல்ல. நான் போடறேன்னு மவுஸைத் தொட்டேன், கையைத் தட்டி விட்டா. அது எங்கப்பா வேலை, நீ தள்ளுன்னா."

பிளம்பர் கண்ணாடியைக் கழற்றி, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்போ போன வாரம் நாங்க பாத்துக்கறோம்னாளே?"

"அதுவா? உங்க மெஷின் ஏன் அணையுதுன்னு நானும் அவளும் உக்காந்து தேடிப் பாக்கறோம்னு அர்த்தம் மாமா. ராத்திரி சாப்பாடுகூடப் பண்ணல."

இரண்டு வாரமாகத் தான் மகளைப் பற்றி நினைத்ததையெல்லாம் நினைத்து பிளம்பருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தையும் மீறிச் சந்தோஷமாக இருந்தது. பிராசசரைக் கழற்றிப் பையில் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு விசிறியின் கடைக்குப் போனார்.

விசிறி இவரைப் பார்த்ததும் வியர்வையைத் துடைக்கத் துணியைத் தேடினார். பிளம்பர் பதினாறு கோரை மேஜையில் வைத்தார்.

"மாத்திக் குடுங்க."

"எதுக்குண்ணே மாத்தணும்? இது நல்லாத்தானே..."

பிளம்பர் ஒரு தடவை தொண்டையைச் செருமினார். கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்களில் இரண்டு பேர் வீட்டில் இவர்தான் குழாய் போட்டவர்.

"என் மாப்பிள்ளை சொல்றதைக் குடுங்க. அவர் முதல்லயே சரியாத்தான் சொன்னார்."

மாப்பிள்ளை கூச்சத்தில் ஒரு விசிறியைச் சுற்றிவிட்டுக்கொண்டு நின்றார். பெரிய கேஷ் வைத்த எட்டு கோர் அதே போர்டில் உட்காரும் என்பதால் விசிறிக்கும் அதிகத் தொல்லை இல்லை. திருப்பிக் கொடுத்த பிராசசரின் ஓரத்தில் ஒட்டியிருந்த காய்ந்த பசைக் கரையைப் பார்த்து, இது என்ன என்று மட்டும் கேட்டார். இரண்டு பேரும் ஆளுக்கொரு விசிறியைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

வீட்டுக்கு வந்து பிராசசரை வைத்ததும், மாப்பிள்ளை பசைக் குழலை மாமனாரிடம் நீட்டினார்.

"நீங்களே போடுங்க மாமா. நடுவுல, பட்டாணி அளவு."

அவ்வளவு கொஞ்சம் போட்டால் போதும் என்று நம்புவதற்கே பிளம்பருக்குப் பெரும்பாடாக இருந்தது. ஒரு துளி வைத்தார். ஓரங்களைப் பரிதாபமாகப் பார்த்தார். போட்டுத்தான் விடலாமா என்று விரல் துடித்தது. மாப்பிள்ளை மெதுவாகக் குழலை வாங்கி மூடி போட்டுவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் ஹெட்போனில் மகள் வந்தாள். பெரிய ஊர் திறந்தது. ஒரு ஜனம்கூட விக்கவில்லை. பஸ் யோசிக்காமல் போயிற்று. ஆறு ஆறாக ஓடியது.

"அப்பா! சூப்பரா ஓடுதுப்பா! எங்க ஆரம்பிக்கலாம், துறைமுகமா, ரயில்வே ஸ்டேஷனா?"

"அதெல்லாம் இருக்கட்டும். அந்தச் சின்ன ஊரைத் திற."

அவள் ஒன்றும் தெரியாதவள்போல் கேட்டாள்.

"எந்த ஊர்?"

"வீட்டைக் கட்டி ஜனங்களைக் குடி வெச்சுட்டு, குடிக்கத் தண்ணி குடுக்காம விட்டிருக்கியே, அந்த ஊர். அறிவிருக்கா உனக்கு?"

"உனக்கு யார் சொன்னா? அவர் சொல்லிட்டாரா? சொல்லாதேன்னு சொன்னேனே."

மாப்பிள்ளை தையல் மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, அங்கே ஆளே இல்லாததுபோல் கூரையைப் பார்த்தார்.

சின்ன ஊர் திறந்தது. நாலு தெரு, ஒரு பூங்கா, ஒரு மலை. ஒவ்வொரு வீட்டின் தலைக்கு மேலும் தண்ணீர் இல்லை என்று ஒரு நீலச் சொட்டு மின்னிக்கொண்டிருந்தது. பிளம்பர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். மலையடிவாரத்தில் ஆற்றுத் தண்ணீருக்கு ஒரு பம்பு வைத்தார், மேலே டேங்க் கட்டினார், அங்கிருந்து தெருத் தெருவாகக் குழாய் இழுத்தார். இழுத்துக்கொண்டே, ஆபீஸில் மேலதிகாரி இப்போது எப்படி நடந்துகொள்கிறார், அங்கே வெயில் எப்படி, உன் முழங்கால் வலி தேவலையா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மகள் ஒவ்வொன்றுக்கும் நீளமாகப் பதில் சொன்னாள்.

"அப்பா, குப்பைக்கு என்ன பண்றது? அதை நான் இன்னும் பாக்கல."

பிளம்பர் ஸ்டூலைத் திரும்பிப் பார்த்தார்.

"குப்பை மாப்பிள்ளை பொறுப்பு. வீட்டுக்குப் போனதும் உக்காரச் சொல்லு, அடுத்த வாரத்துலேருந்து மூணு பேரும் ஆடலாம். ஆனா குழாய்ப் பக்கம் கையை வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

"வெக்க மாட்டேன் மாமா" என்றார் மாப்பிள்ளை, ஸ்டூலிலிருந்து பாதி எழுந்து.

கடைசி வீடுவரை குழாய் போய்ச் சேர்ந்தது. பிளம்பர் பம்பை ஓட விட்டார். விட்டவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டு, மாடியில் வேலை முடித்தவர் கீழே குழாயடியில் நிற்கும் ஆளைப் பார்த்துக் கத்துவதுபோல, ஹெட்போன் இருப்பதையே மறந்து தெருவுக்கே கேட்கும்படிக் கத்தினார்.

"பாப்பா... வருதா?"

அங்கே அவள் திரையில் நீலச் சொட்டுகள் ஒவ்வொன்றாக மறைந்துகொண்டு வந்தன. பதில் வரக் கொஞ்சம் நேரமாயிற்று. இந்தத் தடவை அதற்குக் கம்ப்யூட்டர் காரணமில்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"வருதுப்பா" என்றாள்.